விலை கூடின லூர்: காசு எங்கே போகிறது?

“அண்ணா, நூற்றைம்பது ரூபாய் லூரும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் லூரும் தண்ணிக்குள்ள ஒரே மாதிரிதானே ஆடுது? மீனுக்கு விலை தெரியுமா என்ன?”

புதிதாகத் தூண்டில் ராடும் லூரும், அதாவது மீனை ஏமாற்றும் பொய் இரையும், வாங்கிய தம்பிகள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்வி. ‘ஆமாம்’ என்றும் சொல்ல முடியாது, ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாது என்பதால் ஒவ்வொரு தடவையும் வாட்ஸாப்பில் பாதி பதிலோடு நிறுத்திவிடுவேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இந்தப் பதிவின் சுட்டியை அனுப்பிவிட்டு நான் பாட்டுக்குத் தூண்டில் போடப் போகலாம்.

மீனுக்கு விலை தெரியாது, சரி. ஆனால் அந்தக் கூடுதல் காசு முழுக்க மீனை ஏமாற்றத்தான் செலவாகிறது என்று நினைத்துக்கொண்டு கேட்கிறோம் பாருங்கள், அங்கேதான் கணக்கு தப்புகிறது. கடிக்க வைப்பது ஒரு வேலை. கடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவருவது இன்னொரு வேலை. முதல் வேலையை மலிவு லூரும் ஏறக்குறைய நன்றாகவே செய்யும். இரண்டாவதில்தான் சாயம் வெளுக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பெரும்பாலும் தூண்டில் போடுவது முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழிமுகத்தில். தேடிப் போவது கொடுவா. அலுத்துப்போனால் அனுமதி கிடைக்கிற ஏரிகளில் விரால். யூடியூபில் அமெரிக்கர்கள் சொல்வதெல்லாம் பாஸ் மீனுக்கான கணக்கு. அது நன்னீர் மீன். உப்பு, ஆளி ஒட்டிய கல், வலை கட்டிய கம்பு எதுவும் அங்கே இல்லை. அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உதைக்கும்.

கடை நிலவரம் கிட்டத்தட்ட இப்படி இருக்கிறது: பெயரில்லாத மின்னோ லூர், அதாவது பொடிமீன் வடிவத்தில் முன்னால் ஒரு தகட்டோடு வருவது, 100 முதல் 200 ரூபாய். ரப்பாலா எக்ஸ்-ராப் மாதிரி பெயருள்ளவை 700-இல் தொடங்கி 1,000-ஐத் தாண்டும். ஆஸ்திரேலிய ஹால்கோ அதற்குக் கொஞ்சம் மேலே. மெகாபாஸ், லக்கி கிராஃப்ட் என்று ஜப்பான் பக்கம் போனால், இறக்குமதிச் செலவெல்லாம் சேர்ந்து 2,000-க்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ வந்து நிற்கும். பத்து மடங்கு வித்தியாசம். பத்து மடங்கு மீன் விழுமா? விழாது. அதை இப்போதே சொல்லிவிடலாம்.

இன்றைக்கு ‘பிராண்டு’ என்று நாம் காசு கொட்டுகிற ரப்பாலாவே ஓர் ஏழை மீனவர் செய்த பொருள்தான். பின்லாந்தில் லௌரி ரப்பாலா என்பவர் ஏரிகளில் மீன் பிடித்துக் குடும்பம் நடத்தினார். பொடிமீன் கூட்டத்தில் அடிபட்டுத் தள்ளாடும் ஒன்றைத்தான் பெரிய மீன் பாய்ந்து எடுக்கிறது என்பதைப் படகில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். 1936-இல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, மேலே வெள்ளித்தாளைச் சுற்றி, தண்ணீர் படாமலிருக்கப் போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி, அந்தத் தள்ளாட்டத்தைக் கொண்டுவந்தார். பொருட்செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. 1962 ஆகஸ்ட்டில் ‘லைஃப்’ பத்திரிகை இவருடைய லூரைப் பற்றி எழுதியது. மர்லின் மன்றோ இறந்த செய்தியைத் தாங்கி வந்த இதழ் அது; விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்கள் எல்லோர் கண்ணிலும் லூர் கட்டுரையும் பட்டது. அமெரிக்காவில் கிராக்கி தலைக்கேறி, சில கடைகள் அந்த லூரை முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டன. மீன் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்!

லௌரி செய்த ஒரு காரியத்துக்குத்தான் நாம் இன்றும் காசு கொடுக்கிறோம். செதுக்கிய ஒவ்வொரு லூரையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, நேராக நீந்தாததைச் சரிசெய்தார். இன்றும் ஒவ்வொன்றையும் தொட்டியில் நீந்தவிட்டுப் பார்த்த பிறகே பெட்டியில் போடுவதாக அந்த நிறுவனம் சொல்கிறது. 150 ரூபாய் லூரை யாரும் அப்படி இழுத்துப் பார்ப்பதில்லை. ஒரே பெட்டியில் வாங்கிய மூன்றில் ஒன்று அற்புதமாக நீந்தும். ஒன்று பக்கவாட்டில் சாயும். ஒன்று வேகமாக இழுத்தால் குப்புறக் கவிழ்ந்து மேலே வந்துவிடும். மலிவு லூரின் உண்மையான குறை மோசமாக ஆடுவதல்ல. ஆடுமா ஆடாதா என்பது வாங்கும்போது தெரியாது, அவ்வளவுதான்.

விலைக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடுகிறவர்களுக்கு நானே ஒரு நல்ல சாட்சி தருகிறேன். பாஸ் மீன் உலகச் சாதனை ஜார்ஜ் பெர்ரி என்பவருடையது. 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 22 பவுண்டு 4 அவுன்ஸ்; நம் கணக்கில் பத்து கிலோவுக்குச் சற்று மேல். அவர் போட்டது கிரீக் சப் என்ற கம்பெனியின் மர லூர். அவரும் நண்பரும் அந்த ஒரே லூரை மாற்றி மாற்றி வீசினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. எழுபத்தேழு வருஷம் யாராலும் அதை அசைக்க முடியவில்லை. 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா அதற்குச் சமமான ஒரு மீனைப் பிடித்தார். ஒரு அவுன்ஸ் போல எடை கூட. ஆனால் பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூட இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இருவருக்கும் சமநிலை. ஜப்பான்காரர், அதுவும் லூர் தொழிலின் தலைநகரம் மாதிரியான நாட்டில், எந்த லூரில் பிடித்திருப்பார்? லூரே இல்லை. உயிருள்ள புளூகில் மீனை முள்ளில் மாட்டிப் பிடித்தார்.

இதற்குச் சாட்சி தேடி ஜப்பான் வரை போகவேண்டாம், முட்டுக்காட்டிலேயே உண்டு. கரையோரம் கைத்தூண்டிலில் உயிர் இறாலைக் கோத்துப் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். என் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக விலை கேட்பார். சொன்னால் சிரிப்பார். “நீ காசு குடுத்துப் பொம்மை வாங்குற தம்பி. எனக்கு மீனு காசு குடுக்குது.” வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கிறவர் சொல்வதற்கு என்னிடம் மறுமொழி கிடையாது. கொடுவாவை மட்டும்தான் வேண்டும் என்றால் உயிர் இறாலை வாங்குங்கள். இந்தப் பதிவை இத்தோடு மூடிவிடலாம். லூர் போடுவது அந்த ஏமாற்று வேலையில் உள்ள ருசிக்காக. ருசிக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதுதான் மீதிக் கதை.

சரி, முள்ளுக்கு வருவோம். என்னைக் கேட்டால் விலை வித்தியாசத்தில் பாதிக்கு மேல் முள்ளில்தான் இருக்கிறது.

கொடுவா கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயை ஒரே நொடியில் அகலத் திறக்கும். சுற்றியுள்ள தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். மேல்மட்டத்தில் நடந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம், கரையில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முள் ஏறியதும் கல்லையோ கம்பையோ நோக்கி ஓடும். அப்புறம் தண்ணீருக்கு வெளியே துள்ளித் தலையை உதறும். அந்த உதறலில்தான் லூர் தேறுமா என்பது தெரியும். மின்னோ லூரில் இரண்டு இடத்தில் மும்முனை முள் தொங்கும். ஒன்று வாய்க்குள் ஏறியிருக்கும். மற்றது கன்னத்தின் வெளிப்பக்கம் மாட்டிக்கொள்ளும். மீன் தலையை உதறும்போது இரண்டும் ஒன்றையொன்று நெம்பும். மெல்லிய கம்பியில் செய்த முள் அந்த நெம்பலில் விரிந்து நேராகிவிடும். முள்ளைப் பிடித்திருக்கும் ஸ்பிளிட் ரிங், அதான் அந்த இரட்டைச் சுற்று வளையம், வாய் திறந்துகொள்ளும். நாம் கரைக்கு இழுத்துப் பார்க்கும்போது லூர் மட்டும் பத்திரமாக வரும்.

மலிவு லூரில் போட்டிருக்கும் முள்ளைக் குறட்டால் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்துகொடுக்கிறதா? ஏரியில் சின்ன விராலுக்கு அது போதும். கழிமுகத்துக்கு ஆகாது. இன்னொன்று துரு. நிக்கல் பூசிய நன்னீர் முள் ஓர் உப்புத்தண்ணீர்ப் பயணத்துக்குப் பிறகு கழுவாமல் பெட்டியில் கிடந்தால் அடுத்த வாரம் பழுப்பு நிறத்தில் இருக்கும். பக்கத்தில் கிடக்கும் நல்ல லூரின் வயிற்றிலும் கறை ஏற்றிவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விலை கூடினது என்பதாலேயே முள் கனமாக இருக்கும் என்றில்லை. ஜப்பானிய லூர்களில் பல நன்னீர் பாஸுக்கென்று செய்தவை. அவற்றின் முள் ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும், ஆனால் மெல்லியது. இரண்டாயிரம் கொடுத்து வாங்கி, கொடுவாவுக்கு வீசி, முள் விரிந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். எதற்காகச் செய்தார்கள் என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். இந்த இடத்தில் ஹால்கோவை நான் மெச்சுவேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டலில் இருக்கிற கம்பெனி. அங்கேயும் கொடுவா உண்டு. அவர்கள் பாராமண்டி என்கிறார்கள். அதே மீன்தான். அதனால் அவர்கள் போடும் முள்ளும் வளையமும் நம் மீனுக்குப் பொருந்துகிறது.

அடுத்தது உடம்பு. மலிவு லூரில் வயிற்று வளையம் ஒரு சின்ன திருகாணியாகவோ, பிளாஸ்டிக்கில் பதித்த கம்பித் துண்டாகவோ இருக்கும். கடல் மீனுக்கென்று செய்யும் சில லூர்களில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே எஃகுக் கம்பி ஓடும். உடம்பு நொறுங்கினாலும் மீன் கம்பியில் தொங்கும். அந்தமானில் பெரிய பாரை மீனுக்குப் பாப்பர், அதாவது மேல்மட்டத்தில் சத்தம் எழுப்பும் லூர், வீசுகிறவர்கள் ஒரு லூருக்கு ஐயாயிரம் ரூபாய்கூடக் கொடுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்தக் கம்பிதான். அந்த மீனிடம் மட்டமான சாமானைக் கொண்டுபோவது வீண். நம் முட்டுக்காட்டு அளவுக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்று நான்கு கிலோ கொடுவாவுக்கு நன்றாக ஒட்டிய பிளாஸ்டிக் உடம்பே தாங்கும்.

வீசும் தூரம் என்று ஒன்று இருக்கிறது. இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று முகத்தில் அடிக்கும்போது லேசான லூரை வீசிப் பாருங்கள். பாதி வழியில் புரண்டு விழும். நல்ல மின்னோவுக்குள் ஒரு தடம் இருக்கிறது. வீசும்போது உள்ளேயிருக்கும் குண்டு வால்பக்கம் ஓடும்; லூர் அம்பு மாதிரி நேராகப் பறக்கும். தண்ணீரில் விழுந்து இழுக்கத் தொடங்கியதும் குண்டு முன்னால் வந்து, சில லூர்களில் ஒரு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குண்டு டங்ஸ்டன் என்றால் இன்னும் விசேஷம். எஃகின் அடர்த்தி 7.8, டங்ஸ்டனுக்கு 19.3. சின்ன இடத்தில் இரண்டரை மடங்கு எடை அடங்கிவிடுகிறது. டங்ஸ்டன் மலிவான உலோகம் அல்ல. அதற்கான காசு விலையில் ஏறத்தான் செய்யும். படகில்லாமல் கரையிலிருந்தே வீசுகிற என் மாதிரி ஆளுக்கு, மீன் நிற்கும் இடத்துக்கு லூர் போய்ச் சேருவதும் சேராததும்தான் முழு ஆட்டமே. இந்த ஒன்றுக்கு யோசிக்காமல் கொடுப்பேன்.

ஆனால் ‘சஸ்பெண்டிங்’ என்று போட்டு விற்கிறார்களே, இழுப்பதை நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும் லூர், அதற்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த நிலை ஒரு குறிப்பிட்ட தண்ணீருக்குத்தான் சரியாக வரும். நன்னீரைவிடக் கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. 15 கிராம் லூருக்கு அது கிட்டத்தட்ட 0.4 கிராம் கூடுதல் மிதப்பு. நன்னீரில் அசையாமல் நின்ற லூர் கடல்நீரில் மெல்ல மேலே ஏறும். முட்டுக்காட்டில் இன்னும் சிக்கல். மழைக்காலத்தில் மேலிருந்து நன்னீர் வந்து கலக்கும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் உள்ளே வரும். கோடையில் மணல் அடைத்துக்கொண்டால் தேங்கிய தண்ணீர் காய்ந்து உப்பேறும். மாதத்துக்கு ஒரு தண்ணீர். நூற்றில் ஒரு பங்கு துல்லியமாகச் சரிசெய்து விற்ற லூரை இந்தத் தண்ணீரில் போட்டால் அந்தத் துல்லியத்துக்குக் கொடுத்த காசு வீண். மெல்லிய ஈயத் தகடு ஒட்டியோ கனமான முள் மாட்டியோ நாமே அன்றைய தண்ணீருக்குச் சரிசெய்துகொள்ளலாம். அதை 150 ரூபாய் லூரிலும் செய்யலாம்.

நிறத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஒரே லூர் முப்பது நிறத்தில் வருகிறதே? தெளிந்த கடலில்கூடச் சில மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு மங்கி இருட்டாகிவிடும். நம் கழிமுகத்துக் கலங்கலில் கை நீட்டிய தூரம் தெரிந்தாலே பெரிசு. அங்கே மீன் பக்கக்கோட்டு உணர்விலும் சத்தத்திலும் நிழலிலும்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. வெளுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, பளபளப்பு ஒன்று. போதும். கணவாய்த் தூண்டில் இன்னும் தமாஷ். குமரி மாவட்டக் கடற்கரையில் கணவாய் பிடிப்பவர்கள் பயன்படுத்தும் இறால் வடிவ ஜிக்கைப் பார்த்திருப்பீர்கள்; துணி சுற்றி, வாலில் கொக்கி வளையம் வைத்தது. அதில் ஜப்பானியத் தயாரிப்பு ஒரே மாடலில் எத்தனை நிறம்! பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒரே வகை ஒளியுணரிதான் இருக்கிறது. நாம் பார்ப்பதுபோல அவற்றால் நிறம் பிரித்துப் பார்க்க முடியாது. வெளிச்சம், இருட்டு, பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிகிறதா என்பதுதான் அதற்குக் கணக்கு. ஆனால் அதே ஜிக் நேராக, தலை கவிழ்ந்து, மெதுவாகத் தாழ்கிறதா என்பது முக்கியம். அந்தச் சமநிலையில் நல்ல தயாரிப்பு மலிவுச் சரக்கை அடித்துவிடுகிறது. ஆக, சமநிலைக்குக் கொடுங்கள், பன்னிரண்டாவது நிறத்துக்குக் கொடுக்காதீர்கள்.

மலிவே போதும் என்று நான் அடித்துச் சொல்லும் பட்டியலும் உண்டு. ரப்பர் மீன், அதாவது வால் ஆட்டும் சாஃப்ட் பிளாஸ்டிக், அதில் முதல் இடம். காரணம் பேத்தை. அந்த உப்பிய மூஞ்சிக்காரர் கிளி மூக்கு மாதிரிப் பற்களை வைத்துக்கொண்டு முதல் வீச்சிலேயே வாலைக் கத்தரித்துவிடுவார். மிச்சத்தைக் கீச்சான் வந்து பிய்க்கும். இறாலின் வாசனை ஏற்றிய விலை கூடின ரப்பர் மீன் அவற்றுக்கு விருந்து. ஒரு பாக்கெட் காலியாக அரை மணி நேரம் ஆகாது. ரப்பருக்கு மலிவு, அதை மாட்டும் ஈயத்தலை முள்ளுக்கு மட்டும் கொஞ்சம் நல்லது, இதுதான் என் முறை. அடுத்து உலோக ஸ்பூன். ஒரு வளைந்த தகடு, ஒரு வளையம், ஒரு முள். இதில் பிராண்டு என்ன செய்துவிட முடியும்? அறுபது ரூபாய் ஸ்பூனில் நல்ல முள் மாட்டினால் சீலாவுக்கும் கட்டாவுக்கும் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சீலா எப்படியும் பல்லால் லீடரை, அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பை, அறுத்துக்கொண்டு அதைக் கொண்டுபோகத்தான் போகிறது.

விராலுக்கான ரப்பர்த் தவளையில் மட்டும் எல்லோரும் மலிவு போதும் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தவளையின் உடம்பு உள்ளீடற்றது. விரால் கவ்வும்போது உடம்பு சப்பையாகி, முதுகோடு ஒட்டியிருக்கும் இரட்டை முள் வெளியே வந்து வாயில் ஏறவேண்டும். மலிவுத் தவளையின் ரப்பர் விறைப்பாக இருக்கும். விரால் அடிக்கும், தண்ணீர் தெறிக்கும், முள் வெளியே வராது. இழுத்தால் தவளை மட்டும் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். அதோடு மூக்கு ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, நான்கு வீச்சில் மூழ்கத் தொடங்கும். நல்ல தவளை பஞ்சு மாதிரி அமுங்கும். இன்னொரு நியாயமும் இருக்கிறது: முள் உடம்புக்குள் மறைந்திருப்பதால் ஆகாயத்தாமரையிலும் அல்லி இலையிலும் மாட்டாது. ஆகவே தவளை தொலைவதே அபூர்வம். அறுநூறு ரூபாய்த் தவளை ஒரு பருவம் முழுக்க உழைக்கும்.

தொலைவது என்று சொன்னேன் பாருங்கள். என் பார்வையில் லூரின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. கடையில் எவ்வளவு என்பதைவிட, நீங்கள் வீசும் இடத்தில் அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேளுங்கள். முட்டுக்காட்டில் பாலத்தூண் பக்கம், ஆளி ஒட்டிய கல்லுக்கும் பழைய வலைக்கயிற்றுக்கும் நடுவே வீசினால் ஒரே காலையில் இரண்டு லூர் போகும். கொடுவாவும் அங்கேதான் நிற்கும்; மனுஷனைச் சோதிக்கவென்றே. அந்த இடத்தில் ஆயிரம் ரூபாய் லூரைக் கட்டியவர் என்ன செய்வார்? பயந்து பயந்து இரண்டடி தள்ளி வீசுவார். மீன் அந்த இரண்டடிக்குள்தான் இருக்கிறது. மலிவு லூர் கட்டியவர் கல்லின் மடியிலேயே வீசுவார். அன்றைக்கு மீன் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. விலையுயர்ந்த லூர் உங்கள் கையைக் கட்டுமானால் அது உங்களுக்கு மட்டமான லூர். திறந்த நீரில், முகத்துவார மணற்பரப்பில், தூரமாக வீசவேண்டிய இடத்தில் விலை கூடினது; கல், கம்பு, வலை இருக்கும் இடத்தில் மலிவானது. நான் பெட்டியை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

நடுவில் போலிகள் வந்து குழப்புகின்றன. என் நண்பர் ஒருவர் பெயர்பெற்ற ஜப்பானிய லூர் ஒன்றை இணையத்தில் பாதி விலைக்குப் பிடித்தார். பெட்டி அசல் மாதிரியே இருந்தது. கையில் எடுத்து ஆட்டினால் குண்டு உருளும் சத்தமே வேறு. தராசில் வைத்தால் சொன்ன எடையில்லை. முதல் கொடுவாவிலேயே வயிற்று வளையம் பிடுங்கிக்கொண்டது. போலியில் கஷ்டம் என்னவென்றால் 150 ரூபாய்ச் சரக்கை 900 ரூபாய்க்கு வாங்குகிறோம். பெயரில்லாத லூராவது தன்னை இன்னார் என்று பொய் சொல்வதில்லை. அசல் வேண்டுமென்றால் தெரிந்த கடையில் முழு விலை கொடுங்கள்; இல்லையேல் பெயரில்லாததையே வாங்குங்கள்.

ஜப்பானில் சில நிறங்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் வரும். அதைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைத் தொடாமலேயே கண்ணாடிப் பெட்டியில் வாழும் லூர்கள் அவை. அது வேறு நோய். எனக்கும் லேசாக உண்டு. வீட்டில் விலை கேட்டால் ஒரு சைபரைக் குறைத்துச் சொல்வதே அதற்கு மருந்து.

இனி மலிவு லூரைத் தேற்றும் வைத்தியம். வாங்கி வந்ததும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கிப் பிடியுங்கள். ஒட்டிய இடத்திலிருந்து குமிழ் வந்தால் அங்கே ஓட்டை. துடைத்துக் காயவைத்து இரண்டு சொட்டு ஃபெவிக்விக். அடுத்து முள்ளையும் வளையங்களையும் கழற்றி எறிந்துவிட்டு உப்புநீருக்கான கனமான முள்ளைப் போடுங்கள். இதற்குச் சுமார் நூறு, நூற்றைம்பது ரூபாய் ஆகும். எடை கூடியதால் மிதக்கிற லூர் மூழ்கலாம். மீன் பிடிக்கப் போகிற இடத்துத் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் போட்டுப் பாருங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஓடினால் மூக்கிலுள்ள வளையத்தைக் குறட்டால் ஒரு மயிரிழை வலப்பக்கம் வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். லௌரி ரப்பாலா ஏரிக்கரையில் செய்ததும் இதைத்தானே? இவ்வளவும் முடித்தபின் கூட்டிப் பார்த்தால் முந்நூறு ரூபாய் ஆகியிருக்கும். அரை மணி நேரமும் போயிருக்கும். ‘எனக்கு நேரமில்லை’ என்பவருக்கு 700, 800 ரூபாய் லூர் உண்மையில் மலிவு. நேரம் உள்ளவருக்கு 150 ரூபாய் லூர் தாராளம்.

முள் மாற்றும்போது மும்முனைக்குப் பதில் ஒற்றை முள்ளைப் போட்டுப் பாருங்கள். கல்லில் மாட்டுவது குறையும். பிடித்த மீனை விடுவிப்பதும் சுலபம். பெரிய கொடுவாவை விட்டுவிடச் சொல்வது வெறும் பெருந்தன்மைக்காக அல்ல. கொடுவா ஆணாகத்தான் வளரத் தொடங்குகிறது. பெரிதான பிறகே பெண்ணாக மாறும். எடை கூடின மீன் பெரும்பாலும் பெண்மீன். நம் முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. 1997-இல் அந்த நிறுவனம்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவை அடைப்பில் வளர்த்து இனப்பெருக்கம் செய்ய வைத்தது. சாப்பிடக் கொடுவா வேண்டுமென்றால் பண்ணை மீன் சந்தைக்கு வருகிறது. தண்ணீரில் இருக்கும் பெரிய பெண்மீன் அங்கேயே இருக்கட்டும்.

கையில் மூவாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு கேட்கிற தம்பிக்கு என் பதில் இது. அதில் ஆயிரத்தை லூரிலேயே போடாதே. நல்ல பிரெய்டு (பின்னல் நூல்), 30-40 பவுண்டு லீடர், உப்புநீர் முள் ஒரு பாக்கெட், ஸ்பிளிட் ரிங் திறக்கும் குறடு ஆகியவற்றுக்கு அது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. லீடர் இல்லாவிட்டால் எந்த லூரும் உன்னுடையது அல்ல. இன்னொரு ஆயிரத்தில் தூரமாகப் போகும் அசல் மின்னோ ஒன்றே ஒன்று. மிச்சத்தில் பெயரில்லாத மின்னோ நான்கு, ஸ்பூன் இரண்டு, ரப்பர் மீன் இரண்டு பாக்கெட், மேலே கொஞ்சம் போட முடிந்தால் ஒரு நல்ல தவளை. இரண்டாயிரம் ரூபாய் ஜப்பானிய லூர் இப்போது வேண்டாம். அதை வீசும்போது ‘தொலைந்தால் தொலையட்டும்’ என்று உன்னால் சொல்ல முடிகிற அன்றைக்கு வாங்கு.